மினி பஸ்ஸின் ட்ரிப் ஷீட்

மார்ச் 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நடந்தது, நடப்பது, இனி நடக்கப்போவது எல்லாவற்றையும் நான் முன்கூட்டியே சொல்லிவிட்டேன் என்பதை முதலில் நீ ஒப்புக்கொள்ள வேண்டும். நீ வேலைக்குக் கிளம்பிய அன்றே உன் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்து, "உள்ளே இருக்கிறது அவசரக் குடுக்கை, பத்து மாதமெல்லாம் காத்திருக்காது" என்றேன். நீ பெட்டியைக் கட்டிக்கொண்டே சிரித்தாய். இப்போது பார். ஏழரை மாதத்தில் உன் மகள் வந்துவிட்டாள். பிறந்த செய்தியை உன் நடுக்கடல் எண்ணெய்த் தளத்து வயர்லெஸ்ஸில் சொல்லியிருப்பார்கள். மீதியை என்னைப்போல விவரம் தெரிந்தவன்தான் எழுத வேண்டும். எட்டாம் வகுப்பை மற்றவர்கள் ஒரு வருஷம் படித்தார்கள், நான் மூன்று வருஷம் ஊன்றிப் படித்தவன்.

இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு நேற்று தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கடைக்கு மேல்மாடியில் உங்கள் அறையிலேயே இருக்கிறார்கள். மகள் சின்ன அளவுதான், ஆனால் பிடி இருக்கிறதே, என் சுண்டுவிரலைப் பிடித்தாள், விடுவிக்க இரண்டு நர்ஸ் தேவைப்பட்டது. உன் பெண்டாட்டிக்கு ஆபரேஷன் செய்த இடத்தில் கொஞ்சம் புண், லேசான காய்ச்சல். பயப்பட ஒன்றுமில்லை.

நர்ஸ் ஒரு வேலை கொடுத்திருக்கிறாள். குழந்தையைக் கட்டிலில் கிடத்தக்கூடாதாம். யாராவது ஒருவர் சட்டையைக் கழற்றிவிட்டு, நெஞ்சோடு நெஞ்சாக, தோலோடு தோலாக நிமிர்த்திக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டுமாம். இரண்டரை கிலோ வரும்வரை அதுதான் வைத்தியம். ராத்திரி தாய் தலையணையில் சாய்ந்தபடி வைத்துக்கொள்கிறாள். பகலில் அவள் தூங்கியே ஆகவேண்டும். நான் வைத்துக்கொள்வேன். ஆனால் நர்ஸ் என் கையை மோந்து பார்த்துவிட்டு, பஞ்சர் ஒட்டுகிற பசை நாற்றம் குழந்தை மூச்சுக்கு ஆகாது என்றுவிட்டாள். முப்பது வருஷமாக ஊறிய கை. பரவாயில்லை, நான் நிர்வாகம்.

நிர்வாகத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். நல்ல அனுபவசாலிகளாக மூன்று பேரைக் கேட்டு ஏற்பாடு செய்துவிட்டேன். நான் கேட்ட விதத்தில் அவர்களுக்குக் கண் கலங்கிவிட்டது. என் பேச்சைத் தட்டக்கூடியவர்கள் இல்லை. நீ நிம்மதியாக வெல்டிங் அடி.

இப்படிக்கு,
மாமா


மார்ச் 13

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் இன்றைய படகில் வந்தது, அது திரும்புமுன் எழுதுகிறேன். ஆறு தடவை படித்தேன். படித்ததில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: என் மகள் எத்தனை கிலோ என்று நீங்கள் எழுதவில்லை.

சுண்டுவிரல் கதையெல்லாம் வேண்டாம் மாமா. மூன்று பேர் என்கிறீர்கள். யார் அந்த மூன்று பேர்? என்ன தொழில், எத்தனை வயது, கை சுத்தமா, ஒன்றுமே இல்லை. லேசான காய்ச்சல் என்றால் எத்தனை டிகிரி? அவள் கையால் ஒரு வரிகூட ஏன் இல்லை?

இதை எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் எழுதாமல் முடியவில்லை. அம்மா படுத்திருந்தபோது நான் ஹாஸ்டலில் இருந்தேன். "அக்கா நன்றாக இருக்கிறாள், வராந்தாவில் நடக்கிறாள், நீ பரீட்சை எழுதிவிட்டு மெதுவாக வா" என்று எழுதினீர்கள். அந்தக் கடிதம் என் கைக்கு வந்த அன்று அம்மா போய் நான்கு நாள் ஆகியிருந்தது. அதைப் பற்றி நான் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இன்றைக்கும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தின் கையெழுத்தும் இந்தக் கடிதத்தின் கையெழுத்தும் ஒரே மாதிரி அழகாக இருக்கிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

27ஆம் தேதி அடுத்த படகு. அதில் ஊருக்குப் போகிறவர்கள் பட்டியலில் என் பெயரைக் கொடுத்துவிட்டேன். ஒப்பந்தம் முடியாமல் ஏறினால் இவர்கள் என்னை மறுபடி எடுக்கமாட்டார்கள். இந்த வேலைக்கு நான் மூன்று வருஷம் காத்திருந்தது உங்களுக்குத் தெரியும். படகு கிளம்புமுன் பெயரை அடிக்கலாம், அடிக்காமலும் விடலாம். அது உங்கள் பதிலில் இருக்கிறது. அந்தப் படகிலேயே பதில் வரும்படி எழுதுங்கள்.

ஒரே ஒரு தடவை மாமா. ஜோடிக்காமல் எழுதுங்கள்.

உங்கள் அக்கா மகன்


மார்ச் 21

மாப்பிள்ளைக்கு,

அக்கா விஷயத்துக்குப் பதில் எழுத நான்கு தாள் கிழித்தேன். ஐந்தாவது தாள் இது. அந்தப் பதில் இதிலும் வராது. நீ கேட்ட மற்றதை எழுதுகிறேன்.

மூன்று பேரைக் கேட்டேன், நான்கு பேர் வந்தார்கள். உனக்குத் தெரிந்த முகங்கள்தான். நம் கடை வாசல் பெஞ்சில் தினமும் காலையில் உட்கார்ந்து, எதிரே டிப்போவிலிருந்து வெளியே வருகிற ஒவ்வொரு பஸ்ஸையும் குறை சொல்வார்களே, அந்த ரிட்டயர்டு கோஷ்டி. டைம் கீப்பர், பெரிய டிரைவர், கண்டக்டரம்மா, காது கேட்காத மெக்கானிக். எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள். இந்தக் கடிதத்தை எழுதும்போது டைம் கீப்பர் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டிவிட்டேன். "எழுதுங்க தம்பி, நான் பாக்கறேன்" என்று பென்சிலைக் காதிலிருந்து எடுத்துக் கையில் வைத்திருக்கிறார். வாத்தியாருக்குக்கூட நான் இப்படி பயந்ததில்லை.

எடை. ஆஸ்பத்திரித் தராசில் நர்ஸ் போட்டது. மார்ச் 2: ஒரு கிலோ 580 கிராம். மார்ச் 9:

இந்த இடத்தில் நான் பேனாவைக் கீழே வைத்தேன். டைம் கீப்பர், "ஏன் வண்டி நின்னுடுச்சு?" என்றார்.

"அண்ணே, அன்னிக்கு எறங்கியிருந்தது. அத எழுதினா அவன் அங்க தண்ணியில குதிச்சிடுவான்."

"லேட்டா வந்த வண்டிய சரியான நேரம்னு எழுதினா, அதுக்கப்புறம் வர்ற எல்லா வண்டியும் தப்பாயிடும். எழுதுங்க."

மார்ச் 9: ஒரு கிலோ 550. முப்பது கிராம் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது, பெரிய டிரைவர் சட்டைக்குள் குழந்தையை வைத்துக்கொண்டு, மேடு பள்ளத்தில் வண்டி ஓட்டுகிற மாதிரி ஒவ்வொரு அடியாகப் பார்த்து நடந்தார். படியேறும்போது கண்டக்டரம்மா சொன்னாள். "முப்பது கிராம்ங்கறது ஒரு டிக்கெட் கட்டு கூட இல்ல. ஏத்திடலாம் வாங்க." மார்ச் 16: ஒரு கிலோ 690. நேற்று: ஒரு கிலோ 810.

உன் பெண்டாட்டிக்குக் காய்ச்சல் 103 வரை போனது. நான் லேசான காய்ச்சல் என்று எழுதியது தப்பு. இப்போது 100. புண்ணுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றுகிறார்கள். கடைசியில் அவள் கையால் இரண்டு வரி இருக்கிறது. கோணல் மாணலாக இருப்பது பலவீனத்தால். நானாக எழுதியிருந்தால் அழகாக இருந்திருக்கும், அதை வைத்தே நீ நம்பலாம்.

வேலை எப்படி நடக்கிறதென்றால், டிப்போவில் நடக்கிற மாதிரியே. இவர்களுக்கு வேறு மாதிரி வேலை செய்யத் தெரியாது. டைம் கீப்பர் டியூட்டி சார்ட் போட்டு ஒன்றைக் கதவிலும் ஒன்றைக் கடைச் சுவரிலும் ஒட்டியிருக்கிறார். மடியில் வாங்கியவுடன் பெரிய டிரைவர், "இது பஸ்ஸே இல்லப்பா, மினி பஸ்" என்றார். அன்றிலிருந்து உன் மகளுக்கு அதுதான் பெயர். தினமும் ட்ரிப் ஷீட் உண்டு. அடுத்த ஆள் வந்து கை கழுவி, சட்டை கழற்றி, ஷீட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் முதல் ஆள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கலாம். கண்டக்டரம்மாவுக்கு மட்டும் நடுவில் ஒரு திரை.

நேற்றைய ஷீட்டை அப்படியே பார்த்து எழுதுகிறேன்:

காலை 6 முதல் 10. பெரிய டிரைவர். எரிபொருள்: 7.10க்குத் தாய்ப்பால் எட்டுக் கரண்டி, 9 மணிக்கு ஒன்பது கரண்டி. பழுது: ஒரு தும்மல். தானாகச் சரியானது.

10 முதல் 1. கண்டக்டரம்மா. எடைக்காக ஆஸ்பத்திரி போய் வந்தது. எரிபொருள்: 11 மணிக்கு எட்டுக் கரண்டி. பழுது: 11.20 முதல் 11.45 வரை ஹாரன் நிற்கவில்லை.

1 முதல் 4. மெக்கானிக். எரிபொருள்: 1.15, 3.15. பழுது: இல்லை. பிரயாணி ஆழ்ந்த தூக்கம். மெக்கானிக்கும் தூங்கினார். எச்சரிக்கப்பட்டார்.

4 முதல் 6. டைம் கீப்பர். எரிபொருள்: 5.15க்குப் பத்துக் கரண்டி. சாதனை.

மெக்கானிக்கைப் பற்றி ஒன்று. அவர் நெஞ்சில்தான் மினி பஸ் நன்றாகத் தூங்குகிறாள். காது கேட்காததால் தான் முனகுவதே அவருக்குத் தெரியாது. நாள் முழுக்க ஒரு டீசல் இன்ஜின் ஐடிலில் நிற்கிற சத்தம் நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். ஐம்பது வருஷமாக சிகரெட் பிடித்தவர். புகை வாசனை ஆகாது என்று உன் பெண்டாட்டி சைகையில் சொன்னாள். சட்டைப் பையிலிருந்த பெட்டியை எடுத்து ஜன்னல் வழியாகப் போட்டார். அவ்வளவுதான். அதற்கப்புறம் தொடவில்லை. விட்டேன் என்றுகூட யாரிடமும் சொல்லவில்லை. நானாயிருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன்.

எதையும் கூட்டி எழுதவில்லை, மாப்பிள்ளை. கூட்டி எழுத இடமே கிடைக்கவில்லை. டைம் கீப்பர் முழுவதையும் படித்துவிட்டுக் கீழே சின்னதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், பார்.

மாமா


மார்ச் 27

மாமாவுக்கு,

படகு இன்னும் அரைமணி நேரம் நிற்கும். நின்றுகொண்டே எழுதுகிறேன்.

பெட்டியைக் கட்டித் தளத்தின் விளிம்புக்கு வந்துவிட்டேன். தபால் பையை இறக்கியவுடன் உங்கள் கடிதத்தை வாங்கி அங்கேயே பெட்டிமேல் உட்கார்ந்து படித்தேன். மார்ச் 9 என்று எழுதிவிட்டு வரி நின்றிருந்த இடத்தில் தாளை மடித்துவிட்டு மறுபடி பிரித்தேன். அதற்குக் கீழே அந்த 550ஐப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நீங்கள் ஒரு கெட்ட சேதியைக் கெட்ட சேதியாகவே எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் எல்லாவற்றையும் நம்பினேன். அவளுடைய கோணல் எழுத்தையும் பார்த்தேன். "வராதீங்க, இவங்க பாத்துக்கறாங்க" என்று எழுதியிருக்கிறாள்.

பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டேன். மேஸ்திரி, "என்னய்யா, முடிவு பண்ணிட்டியா?" என்றார். ட்ரிப் ஷீட்டை அவரிடம் காட்டினேன். ஹாரன் நிற்கவில்லை என்ற இடத்தில் சிரித்தார். சிரித்துவிட்டு ஷீட்டை முதலிலிருந்து மறுபடி படித்தார். அவருக்கும் பிள்ளைகள் உண்டு.

இருக்கிறேனே தவிர மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. நான்கு பேர். எழுபது வயதுக்கு மேல். நமக்கு எந்த உறவும் இல்லை. நான் அந்த பெஞ்சைத் தாண்டிப் போகும்போது நின்று ஒரு வார்த்தை பேசியதுகூடக் கிடையாது, தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவேன். அப்படிப்பட்டவர்களிடம் போய், என் பிள்ளையை உங்கள் நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு மனிதன் எப்படிக் கேட்க முடியும்? நான் யாரிடமும் எதையும் கேட்டதில்லை மாமா, வாயே வராது. அம்மாவும் அப்படித்தான். நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். என்ன வார்த்தை சொல்லிக் கேட்டீர்கள்? அதை அப்படியே எழுதுங்கள். நான் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

படகுக்காரன் கூப்பிடுகிறான்.

உங்கள் அக்கா மகன்


ஏப்ரல் 5

மாப்பிள்ளைக்கு,

முதலில் கணக்கு. நேற்று இரண்டு கிலோ 220. உன் பெண்டாட்டிக்குக் காய்ச்சல் விட்டு ஐந்து நாள். புண்ணில் மறுபடி போட்ட தையலைப் பிரித்தாகிவிட்டது. இப்போது பகலிலும் ஒரு டியூட்டி கேட்கிறாள். டைம் கீப்பர், "மனுப் போடும்மா, பரிசீலிக்கிறோம்" என்கிறார்.

அடுத்து ஒரு சம்பவம். டைம் கீப்பர் இன்றைக்குப் பக்கத்தில் இல்லை, ஆனாலும் உள்ளது உள்ளபடிதான்.

ஏப்ரல் முதல் தேதி, தையல் பிரிக்க அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். பால் எடுத்துக் கிண்ணத்தில் மூடி வைத்துவிட்டுத்தான் வந்தாள். பெரிய டிரைவர் ஆறு மணிக்கே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பத்து மணிக்கு அடுத்த ஆள். ஆனால் டிப்போ வழக்கம் என்ன? மாதம் பிறந்தால் சார்ட் மாறும். டைம் கீப்பர் முந்தின நாளே புது சார்ட் எழுதிக் கடைச் சுவரில் ஒட்டிவிட்டார். மேலே கதவில் இருந்ததை மாற்ற மறந்துவிட்டார். கீழே பார்த்தவர்கள் ஒரு கணக்கு, மேலே பார்த்தவர்கள் ஒரு கணக்கு. ஒவ்வொருவரும் இன்னொருவர் டியூட்டி என்று நினைத்துக்கொண்டு, கடை பூட்டியிருந்ததால் பெஞ்சுக்கும் வராமல், வீட்டில் இருந்தார்கள். நாற்பது வருஷம் டிப்போவில் ஒரு வண்டியைத் தவறவிடாத மனிதர், ரிட்டயர் ஆனபிறகு ஒரே நாளில் இரண்டு வண்டியைத் தவறவிட்டார்.

ஆஸ்பத்திரியில் கூட்டம். நாங்கள் திரும்பும்போது மணி நாலு. கதவைத் திறந்தால் பெரிய டிரைவர் காலையில் எப்படி உட்கார்ந்திருந்தாரோ அப்படியே உட்கார்ந்திருக்கிறார். முதுகு நேராக. முகம் வெளுத்திருக்கிறது. ஒரு கை குழந்தையின் முதுகில். இன்னொரு கைக்கு எட்டுகிற தூரத்தில் கிண்ணம், கரண்டி, ட்ரிப் ஷீட். ஷீட்டில் ஐந்து தடவை பால் கொடுத்ததை நேரம் போட்டு எழுதியிருக்கிறார். பத்து மணி நேரம். ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. தண்ணீர்ப் பானை அறையின் அந்த மூலையில், எட்டு அடி தூரத்தில்.

உன் பெண்டாட்டி அழுதேவிட்டாள். "பெரியப்பா, ஒரு நிமிஷம் கட்டில்ல படுக்க வச்சிட்டு எழுந்திருக்கக் கூடாதா?"

"கையெழுத்து ஆகலையேம்மா" என்றார். "பிரயாணி உள்ள இருக்கறப்போ எப்படி எறங்கறது?"

அவள் கையெழுத்துப் போட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். நானும் பக்கத்துக் கடைக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத்தான் அவரை எழுப்ப முடிந்தது. கால் இரண்டும் மரத்துக் கட்டையாகக் கிடந்தது. தண்ணீர் குடித்தார். குடித்துவிட்டு முதல் கேள்வி, "ஹாரன் ரெண்டு தடவதான் அடிச்சா, எழுதிட்டனா?"

சாயந்திரம் டைம் கீப்பர் வந்தார். கதவில் இருந்த பழைய சார்ட்டைப் பார்த்தார். ஒரு தாளில் "டைம் கீப்பருக்குக் கடும் எச்சரிக்கை" என்று எழுதி, கொடுப்பவர் இடத்திலும் வாங்குபவர் இடத்திலும் தானே கையெழுத்துப் போட்டுக் கதவில் ஒட்டினார். கண்டக்டரம்மா, "எங்களயும் சேத்து எழுதுங்க, வீட்ல கால நீட்டிட்டு உக்காந்திருந்தோமே" என்றாள். "உங்க சார்ட்டுப்படி நீங்க சரி" என்றுவிட்டார். அந்தத் தாள் இன்னும் கதவில் இருக்கிறது. மறுநாள் காலை ஆறு மணிக்குப் பெரிய டிரைவர் வந்தார். கொஞ்சம் நொண்டிக்கொண்டு.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நான் படிக்கட்டில் நிற்பேன், மாப்பிள்ளை. உள்ளே போகத் தோன்றாது. நான் இதுவரை சொன்ன கதைகளில் மந்திரி கார் பஞ்சராகி என் கடையில் நின்றிருக்கிறது, ஆள் விழுங்கும் நாயை டியூபால் அடித்திருக்கிறேன். அந்தக் கதைகளைச் சொல்லும்போது எனக்கு ஒருநாளும் உடம்பு சிலிர்த்ததில்லை. இப்போது ஒரு கிழவர் சட்டைப் பொத்தானைக் கழற்றுகிறதைப் பார்த்தால் சிலிர்க்கிறது.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். அக்கா விஷயத்துக்கும் அதிலேயே பதில் இருக்கிறது.

எனக்குப் பயம் வந்தால் கை தானாக நல்ல சேதி எழுதும். அக்கா கண்ணைத் திறக்காமல் கிடந்தபோது அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். வராந்தாவில் நடக்கிறாள் என்று எழுதினால் எழுந்து நடந்துவிடுவாள் என்று இருந்தது. உன்னை அவளிடமிருந்து பிரித்துவிட்டேன் என்று அப்போது தோன்றவில்லை. அப்புறம் தோன்றாத நாள் இல்லை.

மார்ச் 3ஆம் தேதியும் அதே பயம். முந்தின நாள் அவர்களைக் கூட்டிவந்தபோதிருந்தே கடையைத் திறக்கவில்லை. காலையில் அவளுக்குக் காய்ச்சல் ஏறி, குழந்தையை மார்பில் வைத்துக்கொண்டே உடம்பு தூக்கிப் போட்டது. நான் வாங்கலாம் என்றால் இந்தக் கை. கீழே இறங்கி வந்து, ஷட்டரைப் போட்டுக்கொண்டு, டயர் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதினேன். மூன்று பேரைக் கேட்டு ஏற்பாடு செய்துவிட்டேன் என்று அதில் எழுதினேன் இல்லையா? யாரையும் கேட்கவில்லை. அந்த மூன்று பேர் கிடையாது. கேட்க ஒருவர் முகம்கூட எனக்கு ஞாபகம் வரவில்லை. மூன்று என்பது வாயில் வந்த எண்.

அடுத்த கடிதத்திலும் அந்தப் பொய்யை விடாமல் மறுபடி எழுதினேன். டைம் கீப்பர் படித்தார் இல்லையா, "மூன்று பேரைக் கேட்டேன்" என்ற வரியில் அவர் பென்சில் நின்றது. என்னைப் பார்த்தார். அந்த வரியை அடிப்பார் என்று காத்திருந்தேன். "இது மட்டும் இருக்கட்டும் தம்பி, உங்க பங்குக்கு" என்று அடுத்த வரிக்குப் போய்விட்டார். அந்த மனிதர் தன் ஆயுளில் தெரிந்தே விட்டுவைத்த ஒரே தப்பு அதுவாகத்தான் இருக்கும்.

அன்றைக்கு நடந்தது இதுதான். கடிதத்தைத் தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டேன். உடனே வீட்டுக்கு வரக் கால் வரவில்லை, இரண்டு தெரு சுற்றினேன். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், படிக்கட்டின் கீழே நான்கு ஜோடி செருப்பு வரிசையாக இருக்கிறது. இரண்டு நாளாகக் கடை பூட்டியிருக்கிறதே என்று பார்க்க வந்திருக்கிறார்கள். மேலேயிருந்து குழந்தை சிணுங்குகிற சத்தம் கேட்டு ஏறியிருக்கிறார்கள். காய்ச்சலோடு அவள் நர்ஸ் சொன்னதைச் சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான்.

நான் கதவருகில் போனபோது பெரிய டிரைவரின் சட்டை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் நெஞ்சில் உன் மகள். கண்டக்டரம்மா ஈரத்துணியைப் பிழிந்து உன் பெண்டாட்டி நெற்றியில் போட்டுக்கொண்டிருந்தாள். மெக்கானிக் வாளிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, சோப்பைப் போட்டு முழங்கைவரை தேய்த்துக்கொண்டிருந்தார், அடுத்து தன் முறை என்று யாரும் சொல்லாமலே. டைம் கீப்பர் பழைய காலண்டரின் பின்பக்கம் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. டைம் கீப்பர் மட்டும் தலையைத் தூக்காமல், "தம்பி, கடையத் தெறங்க, பெஞ்சு உள்ள மாட்டிக்கிச்சு" என்றார்.

அதனால் நீ கேட்கிற அந்த வார்த்தை என்னிடம் இல்லை, மாப்பிள்ளை. உன் பெண்டாட்டியையும் கேட்டுப் பார்த்தேன். அவளும் யாரையும் கேட்கவில்லையாம்.

மாமா